எத்தனை பிரதி

முர்காப் தெருவில் மூன்றாவது மாடி.
வக்கீல் ஆபீஸில் ஜெராக்ஸ் மிஷின் என் பொறுப்பு.
அரபியை ஆங்கிலமாக்கித் தட்டச்சும் செய்வேன்.
தமிழுக்கு இங்கே கட்டணப் பட்டியல் கிடையாது.
யாரும் கேட்டதில்லை.

டெல்லியில் தீர்ப்பு வந்த அந்த வியாழக்கிழமை
போன் மேஜையில் கிடந்து நடுங்கியது.
நான் ஒரு லாரி விபத்தின் இழப்பீட்டு மனுவுக்கு
ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தேன்.
முந்நூற்று எழுபத்தேழின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.
நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகக் கடித்த பல்.
பின் கோணலாக இறங்கி விரலில் குத்தியது.
அவ்வளவுதான் கொண்டாட்டம்.

ராத்திரி ஃபர்வானியா அறைக்கு
பேக்கரி ஷிப்ட் முடித்து கிருபைராசா வந்தான்.
காதோரம் மாவு.
"உங்கட ஆக்கள விட்டுட்டாங்களாம்" என்றான்.
"எங்கட நம்பர் வேற. முந்நூத்தி அறுபத்தஞ்சு.
வருசத்தில ஒரு நாளும் லீவில்லாத சட்டம்."
சத்தமில்லாமல் சிரித்தோம்.
பக்கத்துக் கட்டிலில் நெல்லூர்க்காரர்
புரண்டு படுத்தார்.

அவன் எண்ணும் என் எண்ணும்
ஒரே மசிக்கூட்டில் தொட்டு எழுதியவை.
பம்பாயில் புறப்பட்ட கப்பலில்
ரூபாயோடும் தபால்தலையோடும்
அந்தச் சட்டப் புத்தகம் இந்தக் கடலோரத்துக்கும் வந்ததாக
பழைய கோப்பொன்றில் படித்திருக்கிறேன்.
ரூபாய் செல்லாமல் போயிற்று.
தபால்தலையை இப்போது ஏலத்தில் வாங்குகிறார்கள்.
சட்டம் மட்டும் பெயரை, எண்ணை, மொழியை மாற்றிக்கொண்டு
விசா இல்லாமல் தங்கிவிட்டது.

அந்த டிசம்பரில் ஊருக்குப் போய்த் திரும்பினேன்.
மீனம்பாக்கத்தில் ஏறும்போது நான் குற்றமற்றவன்.
ஜன்னலோர இருக்கை.
கீழே அரபிக்கடல், ஒரு கோடுகூட இல்லாமல்.
எந்த அலைக்கு மேலே போகையில்
மறுபடி குற்றவாளி ஆனேன்?
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.
சைவமா அசைவமா என்று கேட்டாள் பணிப்பெண்.
இரண்டு தடவை கேட்டாளாம்.

பிறகு ஒரு பிப்ரவரி. எல்லோர் முகத்திலும் மாஸ்க்.
இந்த ஊரிலேயே ஒரு தீர்ப்பு:
நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பிரிவில்
எதிர்ப்பாலைப் போல நடிப்பது குற்றம் என்ற வரி
அரசமைப்புக்கு ஒவ்வாது.
தட்டச்சு செய்கையில் அந்த அரபிச் சொல்லில் தடுக்கி நின்றேன்.
நடிப்பது என்றும் போடலாம். ஒப்பாவது என்றும் போடலாம்.
யாருக்கு ஒப்பாவது?
வக்கீல் உள்ளேயிருந்து கத்தினார்,
எதையாவது போடு, மணியாகிறது.

மறுவாரம் ஒருத்தி வந்தாள்.
தலையில் ஆண்கள் கட்டும் குத்ரா,
நகத்தில் சுரண்டியும் போகாத சிவப்பு.
படிவத்துக்கு ஒரு பெயர் சொன்னாள்.
நான் பேனாவை மூடியதும் வேறொரு பெயர் சொன்னாள்.
தீர்ப்பின் நகல் வேண்டுமாம், முத்திரையோடு.

எத்தனை பிரதி?

"காரில் ஒன்று. கைப்பையில் ஒன்று.
செக் போஸ்ட்டில் கிழித்தால் திரும்ப நீட்ட
நாலைந்து.
அம்மாவுக்கு ஒன்று.
படிக்க மாட்டாள். மடித்து வைத்துக்கொள்வாள்."

அதே புத்தகத்தில்
நூற்றுத் தொண்ணூற்று மூன்று அப்படியே இருக்கிறது.
அது ஆண்களுக்கானது, எனக்கானது.
அவளுக்கும் தெரிந்திருக்கும்.
பணத்தை எண்ணினாள், நான் மீதியை எண்ணினேன்,
இருவரும் அந்த எண்ணைச் சொல்லவில்லை.

அவள் போனபின் எனக்கென்று ஒன்று போட்டேன்.
மிஷின் சூடாகித் தாளைக் கவ்விக்கொண்டது.
இழுத்ததில் பாதித் தீர்ப்பு வந்தது.

இரவு அதை கிருபைராசாவிடம் காட்டினேன்.
அவனுக்கு அரபி வாசிக்க வராது,
எண்களை மட்டும் தெரியும்.
விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.
"இதுவும் எங்கட நம்பர் இல்ல" என்றான்.
நாலு மணிக்கு ஷிப்ட்,
லைட்டை அணைக்கச் சொன்னான்.